கடினப் பாடமும் மதிப்பெண்ணும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் அம்பத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)



சிறியேன் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். கல்லூரிப் படிப்பைக் குறித்துப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தபோது, அதற்குத் தகுதி உடையேனோ என்று ஐயுற்றேன். ஆயினும் என்னிடம் பயின்று கல்லூரி புகுந்த பிள்ளைகள் பலர், பருவந்தோறும் ஒரே வினாவோடு என் இல்லம் தேடி வருகின்றனர். “ஐயா, இந்தப் பாடம் கடினமாக இருக்கிறது; இதை விட்டு வேறோர் எளிய பாடத்தை எடுத்துக்கொண்டால் மதிப்பெண் குறையாது; விட்டுவிடலாமா?” என்பதே அவ்வினா. அதற்கு யான் கூறிவரும் விடையையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முற்காலத்தில் கல்லூரிப் பாடங்கள் பெரும்பாலும் வகுத்தது வகுத்தபடியே இருந்தன. கடினமாயினும் எளிதாயினும் படித்தே தீரவேண்டும். இக்காலத்திலோ விருப்பப் பாடம் என்றும் கூடுதல் பாடம் என்றும் மாணவன் தானே தெரிந்துகொள்ளும் உரிமை வந்துள்ளது. உரிமை நன்றே; ஆனால் தெரிவு வந்தவிடத்துக் கூடவே அச்சமும் வந்துவிடுகின்றது.

இவ்வூரில் 1964ஆம் ஆண்டு தோன்றிய தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்யும் நம் அன்பர் ஒருவருடைய மகன், இயந்திரப் பொறியியல் படிக்கின்றான். ஆவடியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையைச் சிறு பிராயமுதல் கண்டு வளர்ந்தவன். வண்டிகளை வடிவமைக்கும் வேலைக்குச் செல்லவேண்டும் என்பது அவன் அவா. விருப்பப் பாடமாக ‘ஃபைனைட் எலிமெண்ட்’ என்னும் கணக்கியல் முறையை எடுத்திருந்தான். ஓர் இரும்புத் துண்டைக் கருத்தளவில் பல நூறு சிறு கூறுகளாகப் பகுத்து, எந்தக் கூற்றில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று கணிப்பது அம்முறையாம். மூன்று வாரம் சென்றதும் அஞ்சினான். இதில் ஆறு தரப்புள்ளிதான் வரும், வேறொரு பாடம் எடுத்தால் ஒன்பது வரும் என்று கூறி, பாடத்தை மாற்றிக்கொள்வதற்குக் கல்லூரி குறித்த நாளுக்கு முந்திய மாலை என்னிடம் வந்தான்.

எனக்குக் கணக்கு வாராது. ஆகையால் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரையும் அழைத்து உட்கார வைத்தேன். அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டியது இது. பொறியியல் பட்டத்துக்கு 160 கிரெடிட்டுகள் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வகுத்த மாதிரி அளவு. இந்தப் பாடத்துக்கு உரியவை 3 கிரெடிட்டுகள். ஒன்பது பெறவேண்டிய இடத்தில் ஆறு பெற்றால் இழப்பு மூன்று மூன்று ஒன்பது புள்ளிகள். அவ்வொன்பதை 160ஆல் வகுத்தால், நான்கு ஆண்டுச் சராசரியில் குறைவது 0.06க்கும் கீழ். 8.70 பெறவேண்டியவன் 8.64 பெறுவான், அவ்வளவே. பையன் அத்தாளை நெடுநேரம் பார்த்தான். மலை என்று அஞ்சியது மண்ணாங்கட்டியாக இருந்தது.

எனினும் கணித ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். குறைந்த தரம் பெறுதல் வேறு, தவறிப்போதல் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிச் சிறப்புடன் முதல் வகுப்பு என்னும் பெருமைக்கு 8.5 சராசரி இருந்தால் மட்டும் போதாது. எல்லாப் பாடங்களையும் முதல் முறையிலேயே தேறியிருக்கவும் வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் பலவும் அரியர் உண்டா என்றே முதலில் கேட்கின்றன. ஆதலின், “குறையுமா?” என்று கேளாதே, “தேறுவேனா?” என்று கேள் என்றார். முந்திய பருவத்துக் கணிதத்தில் அடித்தளம் உள்ளதா, பாடம் சொல்லும் ஆசிரியர் ஐயம் தெளிவிப்பாரா, வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க இயலுமா என்று மூன்றையும் கேட்டார். மூன்றுக்கும் ஆம் என்றே விடை வந்தது.

நிற்க. மதிப்பெண்ணை ஒரு பொருட்டாகக் கொள்ளவேண்டா என்று யான் கூறுவதாக எவரும் எண்ணற்க. கணித மேதை இராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக அமரும்வரை அவர் பட்ட வறுமை சிறிதன்று. 1918இல் இராயல் சங்கத்து உறுப்பினர் ஆனார் என்று நாம் பெருமை பேசுகின்றோம்; இடையில் அவருடைய தாயாரும் மனைவியாரும் உண்ட சோற்றின் அளவை எவரும் பேசுவதில்லை. வீட்டில் உலை வைக்க வேண்டிய பிள்ளைக்கு மதிப்பெண்ணும் சோறே.

இதற்கு நம்மவருள்ளும் ஒரு சான்றுண்டு. பட்டாபிராமிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலில் சென்னைக்குச் சென்று படித்த ஒரு பெண், பட்டத்துக்கு வேண்டிய அளவுக்கு மேலும் ஒரு கூடுதல் பாடம் எடுத்திருந்தாள். தந்தையார் நோய்வாய்ப்பட்டார். அவளுடைய உதவித்தொகையோ சராசரியைப் பொறுத்திருந்தது. அழுதுகொண்டே வந்தாள். “இன்றே போய் விட்டுவிடு, அம்மா, இதில் வெட்கம் ஒன்றுமில்லை” என்றேன். தந்தையார் தேறியபின், அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுத்துத் தேறினாள். அவள் பாடத்தை விட்டது அறிவுடைமையே அன்றி அச்சம் அன்று.

ஆகவே விடுதலும் தொடர்தலும் தம்மளவில் நன்றும் அல்ல, தீதும் அல்ல. எதன்பொருட்டு விடுகின்றோம் என்பதே நோக்கத்தக்கது. இதற்கு உ.வே.சாமிநாதையருடைய வாழ்வினும் சிறந்த விளக்கம் யான் அறியேன். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் தமிழ் கற்கப் புகுந்த ஐயரவர்கள், அங்கேயே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசையில் மனம் தோய்ந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்துச் செல்லாது என்பது பிள்ளையவர்கள் கொள்கை. அதனை அறிந்து ஐயர் இசைப் பயிற்சியை நிறுத்தினார். பெரிதும் விரும்பிய ஒன்றை, மேற்கொண்ட படிப்பு ஆழமாகும்பொருட்டு விட்டார்.

அவரே 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானபின், சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களை அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. பதவி வந்துவிட்டது, சம்பளம் வருகின்றது. இனி அந்நூல் எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விளங்காத சமணக் கொள்கைகளை அவ்வூர்ச் சைனர் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெளிந்து, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். இசையை விட்டவரும் சிந்தாமணியை எடுத்தவரும் ஒருவரே. இரண்டையும் செய்வித்தது கல்வியின்மேல் வைத்த காதல் ஒன்றே.

இனி என் சொந்தக் குறை ஒன்றை மறையாது கூறுகின்றேன். பி.லிட். வகுப்பில் எனக்கும் ஒரு தெரிவு வந்தது. ஒருபுறம் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை, மறுபுறம் இதழியல். சேனாவரையத்தில் மதிப்பெண் வாராது என்று மூத்த மாணவர்கள் அச்சுறுத்தினர். யான் இதழியலை எடுத்தேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். இதழியல் இழிந்த கல்வி அன்று. அதன்மேல் விருப்பம் கொண்டு யான் எடுக்கவில்லை என்பதே குற்றம். ஆசிரியனான மூன்றாம் ஆண்டில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, வந்தவர் ஒருவர்தானே, ‘வந்தார்’ என்று பலர்பாலில் ஏன் சொல்கிறோம்?” என்று கேட்டாள். மரியாதைப் பன்மை என்று பெயர் சொன்னேன். “அதற்கு விதி உண்டா, ஐயா?” என்றாள். எனக்கு நா எழவில்லை. ஒருவரை உயர்த்திப் பன்மையாற் கூறுவது உலக வழக்கே, இலக்கண முறைமை அன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே தெளிவாக்கியிருக்கின்றார். அஞ்சி விட்ட நூலிலேயே அவ்விடை இருந்தது.

அதன்பின் திருமழிசையில் வாழ்ந்த முதிய புலவர் ஒருவரிடம் ஞாயிறுதோறும் சென்று சேனாவரையம் பாடம் கேட்டேன். ஒரு பருவத்தில் கற்றிருக்க வேண்டியதைக் கற்க மூன்று ஆண்டுகள் ஆயின. யான் பெற்ற மதிப்பெண்ணை இன்று கேட்பார் எவரும் இல்லை. அந்த மாணவியின் வினாவோ இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அம்பத்தூர்ப் பையன் அப்பாடத்தை விடவில்லை. ஏழு தரப்புள்ளி பெற்றான். ஒருநாள் அவன் தந்தையார், பட்டறையில் விரிசல் கண்ட ஓர் இரும்புத் தாங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்மூலை கூராக இருந்தால் விரிசல் விடும், உருட்டிவிட வேண்டும் என்பதை முப்பது ஆண்டுக் கைப்பழக்கத்தால் அவர் அறிவார். கூர்மூலையில் அழுத்தம் திரண்டு நிற்பதைக் கணக்கிட்டு, ஏன் என்பதை மகன் கூறினான். அன்றிரவு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தனராம். தந்தையாரே என்னிடம் கூறினார்.

மாணவர்களே! கடினப் பாடத்தின் முன் நிற்கும்போது மூன்றை எண்ணுங்கள். நாளை நீங்கள் செய்ய விரும்பும் தொழிலுக்கு அது வேரா, கிளையா? உழைத்தால் தேறுவீர்களா? அதனால் உண்மையில் குறையும் அளவு எவ்வளவு? வேராயின், தேறும் வழியும் உண்டாயின், தரம் சிறிது குறைந்தாலும் விடற்க. கிளையாயின், அல்லது குடும்பம் தாங்காதாயின், நாள் கடத்தாது ஆசிரியரிடம் கூறிவிட்டு விடுங்கள்.

பெரியோர்களே! பிள்ளைகள் அஞ்சுவதற்கு நாமும் காரணர். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் எண்ணை வாசிக்கின்றோம். எந்தப் பாடத்தில் பெற்ற எண் என்று கேட்பதில்லை. நம் கல்வி நிதியிலிருந்து ஒரு பரிசையேனும், கடினப் பாடத்தைத் துணிந்தெடுத்துத் தேறிய மாணவர்க்கு வழங்கும்படி செயற்குழுவை வேண்டுகின்றேன். தொகை சிறிதாயினும் ஆகுக. இப்பருவத்து முடிவு வெளிவரும் நாளில், “எவ்வளவு வாங்கினாய்?” என்று கேட்குமுன் “என்ன கற்றாய்?” என்று ஒருமுறை உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.