மேற்கு மலையும் வாலாஜாபாத் மழையும்

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மழை எந்த நேரத்தில், எந்த அளவில் பெய்யும் என்பதை, அவ்வூரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையே பெருமளவு முடிவு செய்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடலில் நீராவியைச் சுமந்துகொண்டு, வடக்கே குஜராத் எல்லை வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளும் இந்த மலைத்தொடரில் மோதி மேலெழுகிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்தபின் அதில் தங்க முடியாத நீராவி துளிகளாகி மழையாக இறங்குகிறது. மலைத்தடை மழை எனப்படும் இம்மழையால் மங்களூரில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேலும், மலைமேல் உள்ள ஆகும்பேயில் ஏழாயிரம் மில்லிமீட்டருக்கு மேலும் பதிவாகிறது. மலையைக் கடந்து கிழக்கே சரியும் காற்றோ, அழுத்தம் கூடுவதால் ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் சூடாகி, எஞ்சிய மேகங்களையும் கரைத்துவிடுகிறது. இவ்வாறு வறண்டுபோகும் நிலப்பரப்பே மழை மறைவுப் பகுதி.

பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அதனால் தமிழகச் சமவெளி முழுவதும் இப்பருவத்தில் ஒரே அளவில் காய்வதாக ஓர் எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மை வேறு. தூத்துக்குடியில் இந்த நான்கு மாதங்களிலும் சேர்ந்து நூறு மில்லிமீட்டர் மழைகூடப் பொதுவாகக் கிடைப்பதில்லை. காஞ்சிபுரம் வட்டாரத்திலோ ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதே மாதங்களில் கிடைக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மலையைத் தாண்டி வந்த காற்று மட்டுமன்று. அது வங்கக்கடலிலிருந்து வரும் காற்றைச் சந்திப்பதே ஆகும். முற்பகல் முழுவதும் மேலைக்காற்று வறட்சியாக வீச, வெயிலில் தரை நன்கு காய்ந்த பிறகு, கடலிலிருந்து ஈரமான கடற்காற்று பிற்பகலில் உள்நாடு நோக்கி நகர்கிறது. வாலாஜாபாத் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் அக்காற்று இவ்வூரை எட்டிவிடுகிறது. எதிரெதிரே வரும் இரு காற்றுகளும் சந்திக்கும் கோட்டில் காற்று மேலே செல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் எழும்பி இடிமேகமாகத் திரள்கிறது. ஜவ்வாது மலையும் ஏலகிரியும் உயரத்தில் மேற்குத் தொடர்ச்சிக்கு ஈடாகா எனினும், அவற்றின் சரிவுகள் வெயிலில் விரைவாகச் சூடேறி இத்திரட்சிக்குத் துணைபுரிகின்றன. அங்கே திரண்ட மேகங்களை மேலடுக்கின் மேலைக்காற்று கிழக்கே தள்ளிவர, பொழுது சாயும் நேரத்தில் மேற்கு வானம் கறுக்க, இடிமுழக்கத்துடன் மழை பாலாற்றுப் பக்கம் வந்து சேர்கிறது. ஒரே மாலையில் வாலாஜாபாத் நனைய, அருகிலுள்ள உத்திரமேரூர் காய்ந்து கிடப்பதும் உண்டு. இடிமேகம் ஒவ்வொன்றும் தனித்தனியே பிறந்து, சில மணி நேரத்தில் மடிவதே அதற்குக் காரணம்.

மாலையில் பெய்து இரவில் விடும் இந்த ஒழுங்கு இவ்வட்டார நெசவாளர் தெருக்களுக்கு ஒருவகையில் உதவுகிறது. தறியின் நெடுக்கிழைகளான பட்டுப் பாவைத் தெருவில் நீட்டி, இழைகளைச் சீர்செய்து, தறிக்கு ஏற்ற பதத்தில் சுற்றும் வேலை விடியற்காலையில் நடப்பது; ஆடி மாதத்தில் முதல் நாள் இரவு மழை பெய்திருந்தாலும் விடியலில் வானம் பெரும்பாலும் வெளுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவ்வேலை நாள்கணக்கில் நின்றுபோவதோடு, குழித்தறியின் பள்ளத்திலும் நீர் ஊறிவிடுகிறது.

மலையின் செல்வாக்கு ஆற்றில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காவிரி, குடகில் மேற்குத் தொடர்ச்சியின் மழை முகத்திலேயே, தலைக்காவிரியில் பிறப்பதால் ஜூன், ஜூலையில் பெருக்கெடுக்கிறது. 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறோ, அதே மலையின் மறைவில் கிடக்கும் மைசூர்ப் பீடபூமியின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. ஊற்றுக்கண்ணே மழை மறைவில் இருக்கும்போது ஆடிப்பெருக்கு நாளிலும் மணலே கண்ணில் படுவதில் வியப்பில்லை. வேகவதியும், ஜவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறும் வாலாஜாபாத்துக்கு அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றன. ஆனால் மாலை இடிமழையின் நீர், ஆறு முழுவதும் ஓடும் அளவுக்குத் திரள்வது அரிது.

இத்தகைய செல்வாக்கு ஒரு மலைத்தொடரோடு முடிந்துவிடுவதன்று. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள் பருவக்காற்றை ஓரிடத்தில் குவித்து, வேகமான நீரோட்டம்போல அரபிக்கடலின் மேல் செலுத்துகின்றன. இமயமலையின் பங்கு குறித்து அறிஞரிடையே கருத்து மாற்றமும் ஏற்பட்டுள்ளது: திபெத்தியப் பீடபூமி சூடாவதே பருவமழையை இழுக்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது; வில்லியம் பூஸ், ஜிமிங் குவாங் ஆகியோர் 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்று தெற்கே கலந்துவிடாமல் இமயம் தடுப்பதே முதன்மையானது என்று வாதிட்டது.

வாலாஜாபாத்தில் சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு மாலை மழை துணைதான். தென்னேரி போன்ற ஏரிகளை நிரப்புவதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தரும் வடகிழக்குப் பருவமே. வற்றிக் கிடக்கும் பாலாற்றில் 2021 நவம்பரில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் ஓடியதும் அப்பருவத்தில்தான். எனவே ஆடி மழையில் மண் இளகியிருக்கும் நாள்களிலேயே, ஐப்பசி பிறக்கும் முன்னர், அந்தந்த ஊரார் தம் ஏரியின் வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரி வைத்துக்கொள்ள வேண்டும்.