வேலை போன நாளில் செய்த வேலை

(சங்கத்தின் திருப்பதிக் கூட்டத்தில் ஓட்டல் தொழிலாளத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபது வருஷம் தோசைக்கல் முன்னால் நின்றவன் நான். மேடை எனக்குப் பழக்கமில்லை. வேலையில்லாதவன் தொண்டு செய்வது சரியா என்று பேசச் சொன்னார்கள். செய்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

2020 மார்ச் 20-ந் தேதி திருமலையில் தரிசனம் நின்றது. ஐந்தே நாளில் நாடு முழுவதும் ஊரடங்கு. மலைக்கு ஜனம் ஏறினால்தான் அடிவாரத்தில் உலை கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். லாட்ஜ், ஓட்டல், ஜீப், பூக்கடை அத்தனையும் படுத்துவிட்டன. என் முதலாளி, பெயர் வேண்டாம், அந்த மாதச் சம்பளத்தில் பாதியைக் கையில் வைத்து, "ஊருக்குப் போய் இரு, கூப்பிடுகிறேன்" என்றார். போவதற்குப் பஸ் எங்கே?

பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாளெல்லாம் "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிடப்பட்டவனை ஒருவரும் கூப்பிடாத வீட்டில் கிடப்பதுதான் கொடுமை. மூன்றாவது வாரம் தெருக்காரர்கள் வந்தார்கள். வழியில் மாட்டிக்கொண்ட வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு உப்புமா கிண்ட வேண்டும். ரவையும் எண்ணெயும் கடைக்காரர்கள் தருகிறார்கள், கிண்டத்தான் ஆளில்லை என்றார்கள். அண்டாவில் கரண்டியைப் போட்டதும் எனக்கு உயிர் வந்தது. மிகையில்லை.

ஜூனில் தரிசனம் மறுபடி தொடங்கியது. ஓட்டலும் திறந்தது. பதினோரு பேரில் நாலு பேரை மட்டும் எடுத்தார்கள். நான் அந்த நாலில் இல்லை.

அப்புறம்தான் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார ஆரம்பித்தேன். எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்தும், நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தும் நம் ஜனம் வருகிறது. பலகையெல்லாம் தெலுங்கு. சீட்டு வாங்குவது, வார்டு காட்டுவது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, இவ்வளவுதான் என் தொண்டு. ஒரு கிழவியம்மாவுக்கு மாத்திரையைப் "பரகடுப்புன" போடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தெலுங்கில் கடுப்பு என்றால் வயிறு. வெறும் வயிற்றில் போடு என்று அர்த்தம். அந்த அம்மா நம்ம ஊர்க் கடுப்பு என்று எண்ணி, வலி வந்த நாளில் மட்டும் போட்டுக்கொண்டு, பாக்கியை முந்தானையில் முடிந்து திரும்பக் கொண்டுவந்திருந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் யாரும் எழுப்பாமலே எழுந்து போனேன்.

வீட்டில் என்ன சொன்னாள் என்பதையும் மறைக்கக்கூடாது. அவள் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் சீட்டு எடுத்துத் தர்றீங்க, ரேஷன் வரிசையிலே நான்தான் நிக்கணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதன் பிறகு ரேஷன் வரிசை என் பொறுப்பு. அவளுடைய தொண்டுக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை, பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். நான் இலவசமாகச் சமைத்ததைக் கேள்விப்பட்டு இன்னொரு விடுதிக்காரர் ஆள் அனுப்பினார். "சும்மாதானே இருக்கிறாய், இங்கே வந்து செய், மூணு வேளை சாப்பாடு போடுகிறேன்" என்றார். சம்பளம்? "சேவை செய்கிறவன் சம்பளம் கேட்கலாமா?" என்றார்! அவர் அந்தச் சமையலை விற்றுக் காசாக்குகிறவர். பசித்தவனுக்குக் கிண்டிய அண்டாவும் அவர் கல்லாப்பெட்டியும் ஒன்றா? வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலாளி மட்டுமா இதைச் செய்கிறார்? 2019 ஆகஸ்ட் 15-ல் ஆந்திர அரசு கிராம, வார்டு வாலண்டியர் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்தில் ஐம்பது வீட்டுக்கு ஒரு ஆள், மாதம் 5,000 ரூபாய். வேலை தேடி அலைந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். மாதம் பிறந்தால் முதல் தேதியே கிழவர்களுக்கு வீடு தேடிப் பென்ஷன் கொடுத்தார்கள். நோய்க் காலத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. 2021-ல் சம்பளத்தை உயர்த்தக் கேட்டபோது, இது உத்தியோகமல்ல, சேவை என்றது அரசு. சேவா மித்ரா, சேவா ரத்னா, சேவா வஜ்ரா என்று விருதுகள் வந்தன. 2024 தேர்தல் சமயத்தில் பென்ஷன் கொடுக்கக் கூடாதென்று தேர்தல் ஆணையம் தடுத்தது. எதிர்க்கட்சி மாதம் 10,000 தருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தது. வந்தபின் ஜூலை முதல் தேதி பென்ஷனைச் செயலக ஊழியர்களே கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வேலை என்று பெயர் இருந்தால்தானே நீக்குவதற்கு?

ஆகவே, தோழர்களே, நம் கிளையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். யாராவது கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை நம் தொண்டர் தொடமாட்டார். யாரும் செய்யாமல் கிடக்கிற வேலை நம்முடையது. ஆஸ்பத்திரியிலும் தமிழ் தெரிந்த உதவியாளரைச் சம்பளத்துக்கு வைக்கச் சொல்லி மனுக் கொடுப்போம் என்று முன்மொழிகிறேன். வைத்தால் என் வாசலைச் சந்தோஷமாகக் காலி செய்வேன்.

2021 ஆகஸ்டில் எனக்கு வேறு ஓட்டலில் வேலை கிடைத்தது, முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில். விடுமுறை நாளில் இன்னும் வாசலுக்குப் போகிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஈ-ஸ்ரம் பதிவு எழுதித் தருகிறோம். 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர் வரலாம். பதிவுக்குக் கட்டணமில்லை, எவனாவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதார் அட்டை, பாங்குப் புத்தகம், ஆதாரில் சேர்த்த போன் மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் அட்டை வைத்திருப்பவர் அதையும் எடுத்து வாருங்கள், இங்கேயே அரிசி வாங்க வழியுண்டா என்று பார்ப்போம். எழுத நாலு பேர் தேவை. வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் தோழர் யாராவது வாருங்கள். பஸ் காசும் டீயும் சங்கம் தரும். நடுவில் வேலைக்கு யாராவது கூப்பிட்டால் பேனாவை வைத்துவிட்டு உடனே கிளம்பலாம்.