பிள்ளைகளின் கல்வியில் பெற்றோரின் பங்கு



அல்லாஹ்வின் பேரருளால் நம் பிள்ளைகள் மக்தபுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் சென்று வருகின்றனர். கட்டணம் செலுத்துகிறோம், சீருடையும் புத்தகமும் வாங்கித் தருகிறோம். இத்துடன் கடமை முடிந்ததெனப் பலரும் எண்ணுகின்றோம். உண்மையில் அங்கிருந்துதான் அது தொடங்குகிறது.

"எனக்கே படிப்பில்லை, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்று கலங்கும் தாய்மார்களே! இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அன்னையை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்த இமாமவர்கள் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். அன்னை, பச்சிளம் பாலகரை மக்காவிற்கு அழைத்து வந்தார்கள். ஆசிரியருக்குக் கொடுக்க அவர்களிடம் பொருளில்லை. தாள் வாங்க வசதியின்றி எலும்புகளில் பாடம் எழுதினார் அச்சிறுவர். அவரது மத்ஹபையே நம் கடலோர ஊர்கள் பலவும் இன்று பின்பற்றுகின்றன. அந்த அன்னை கொடுத்தது பணமன்று. பிள்ளையின் கல்வி மீது வைத்த இடையறாத கவனமே.

அக்கவனத்தை எந்தத் தாயும் கொடுக்கலாம். அன்றாடம் கால் மணி நேரம் பிள்ளையை அருகில் அமர்த்தி, பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நிறுத்தினால், "பிறகு என்ன ஆயிற்று?" என வினவுங்கள். உம்மா கேட்கிறார் என்பதற்காகவே பிள்ளை வாசிக்கும். வாசிக்க வாசிக்க நா பழகும்.

வளைகுடாவில் உழைக்கும் தந்தையரே! தொலைபேசியில் நீங்கள் முதலில் கேட்பது "எத்தனை மார்க்?" என்பதா? அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் வளர்த்த சிறு குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றியே அச்சிறுவரிடம் அன்புடன் விசாரித்தார்கள். அகிலத்தின் அருட்கொடைக்கு ஒரு சிறுவரின் குருவி அற்பமாகத் தோன்றவில்லை. "இன்று புதிதாக என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேளுங்கள். பிள்ளை மனம் திறந்து பேசும். பாடத்தில் தனக்குள்ள சிரமத்தையும் தானாகவே சொல்லும்.

இஷாவிற்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். நம் இல்லங்களிலோ அதன் பின்னர்தான் கைப்பேசி கையிலேறுகிறது. நள்ளிரவில் உறங்கிய பிள்ளை சுப்ஹுக்கு எப்படி எழும்? வகுப்பில் எதைக் கவனிக்கும்? பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதற்கு முன், நம் கையிலுள்ளதைக் கீழே வைப்போம்.

இன்னொன்று, நீதி. ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கிய தோழரை, பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு நபியவர்கள் எச்சரித்தார்கள். மகனுக்கு டியூஷன், மகளுக்கு அடுப்படி என்பது எவ்வகை நீதி? நாளை ஒரு பிள்ளையை அருகில் அமர்த்தி வாசிப்பைக் கேட்கவிருக்கும் தாய் அவளல்லவா?

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த அமானிதங்களைப் பேணி வளர்க்கவும், அவர்களைப் பயனுள்ள கல்வி பெற்ற ஸாலிஹான பிள்ளைகளாக ஆக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.