இசைவின்மையே குற்றம்

இணையவழியில் பெண்களைத் துன்புறுத்துவோரைச் சட்டம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்று ஆராயப் புகுவோர், அந்தச் சட்டம் குற்றத்தை எங்கே காண்கிறது என்பதையே முதலில் நோக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு, ஆபாசமானவற்றை மின்னணு வடிவில் வெளியிடுவதைத் தண்டிக்கிறது; பார்ப்பவரின் மனம் கெடுமா என்று கேட்கும் அந்தப் பிரிவு, அதில் இழுக்கப்பட்ட பெண் இசைந்தாளா என்று கேட்பதில்லை.

அப்பிரிவின்கீழ் நாட்டில் முதன்முதலாகத் தண்டனை கிடைத்ததாக அறியப்படும் வழக்கு, 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் முடிந்தது. மணவிலக்குப் பெற்ற பெண்ணொருவர் தம்மை மணக்க மறுத்ததால் சினங்கொண்ட ஒருவர், அவரைப் பற்றி இழிவான செய்திகளை யாஹூ குழுக்களில் பரப்ப, முன்பின் அறியாதவர்களெல்லாம் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுத்தனர். ஓயாமல் மணியடித்த அந்தத் தொலைபேசியில்தான் கொடுமையின் முழு உருவம் இருந்தது. ஆபாசம் அதில் ஒரு பகுதியே. நற்பெயரைக் கெடுக்கும் நோக்கிலான பொய்யாவணம், பெண்ணின் மாண்பை இழிவுபடுத்துதல் ஆகிய தண்டனைச் சட்டப் பிரிவுகளையும் நீதிமன்றம் துணைக்கழைக்க நேர்ந்தது அதனால்தான்.

2013-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தமே இந்தப் பார்வையை மாற்றியது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் கண்காணிப்பது, அவள் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது ஆகியவை பின்தொடர்தல் என்னும் குற்றமாயின. மறைந்திருந்து பார்த்தல், படமெடுத்தல், பரப்புதல் பற்றிய பிரிவின் விளக்கமோ இன்னும் நுட்பமானது: படமெடுக்க இசைந்த பெண், அதைப் பிறரிடம் பரப்பவும் இசைந்தவளாகமாட்டாள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், மறைந்திருந்து பார்த்தல் 77-ஆவது பிரிவாகவும் பின்தொடர்தல் 78-ஆவது பிரிவாகவும் தொடர்கின்றன.

அந்தரங்கப் படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகாரளித்தால் 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க இணைய நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டுமென 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பணித்தன. ஒரே இரவில் நூறு கைப்பேசிகளுக்குச் செல்லக்கூடிய படத்துக்கு அதுவே நீண்ட பொழுது. இந்நிலையில், புகாருடன் வரும் பெண்ணிடம், “இந்தப் படத்தை ஏனம்மா எடுக்கவிட்டாய்?” என்று எந்தக் காவல் நிலையத்திலேனும் கேட்கப்படுமானால், 77-ஆவது பிரிவின் விளக்கத்தை அந்த மேசை இன்னும் படிக்கவில்லை என்றே பொருள்.