வைத்தியக் கல்வியும் குடிகளின் கடமையும்

(ஒட்டன்சத்திரத்தில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் இக்காலம் இரண்டு காரியங்களுக்கு உரியது. ஒன்று வடகீழ்ப் பருவமழை. மற்றொன்று வைத்தியக் கலாசாலைகளில் புதிய மாணாக்கர் புகுதல். மழையினால் விளைவன பயிர்கள் மட்டுமல்ல, ஜுரங்களுமாம். ஆதலின் கல்வியையும் சுகாதாரத்தையும் ஒருங்கே சிந்தித்தற்கு இதனினும் தக்க தருணம் வேறில்லை.

வைத்திய வித்தைக்கென்றே தனியாக ஒரு சர்வகலாசாலை நம் மாகாணத்தில் ஏற்பட்ட வரலாறு நம்மவரில் பலர் அறியாதது. 1987-ஆம் வருஷத்தில் இயற்றிய சட்டத்தின்படி, 1988 முதல் நடந்து வருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். சென்னைக் கிண்டியில் தலைமை ஸ்தானம் கொண்ட இதன்கண் ஆங்கில வைத்தியம், பல் வைத்தியம், சித்தம், ஆயுர்வேதம், செவிலியர் கல்வி, மருந்தாக்கல் முதலிய துறைகள் யாவும் அடங்கும். 2022 ஜனவரி 12-ந் தேதி நம் மாகாணத்தில் பதினொரு அரசாங்க மருத்துவக் கல்லூரிகள் ஒருசேரத் திறக்கப்பெற்றன. அவற்றுள் திண்டுக்கல்லும் ஒன்று. அரசாங்கப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை ஸ்தானம் ஒதுக்கும் சட்டம் 2020-ல் ஏற்பட்டது. ஆகவே, கதவு திறந்திருக்கிறது. உட்புகுவதற்கு நாம் பிள்ளைகளை ஆயத்தம் செய்தோமா என்பதே கேள்வி.

வைத்தியம் கற்றல் பணமீட்டுவதற்கோ, நாட்டுக்கு உழைப்பதற்கோ என்று ஐயுறுவோர்க்கு நம் ஜில்லாவே விடை கூறும். இளமையிலேயே கைம்மையுற்ற ஸ்ரீமதி சௌந்தரம் அம்மையார் மனந்தளராது டில்லி சென்று வைத்தியம் பயின்று, 1936-ல் பட்டம் பெற்றார். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் செல்வப் புதல்வியாகிய அவர், சுகவாழ்வை விடுத்துச் சின்னாளபட்டியில் ஏழைகளுக்கு மருந்தளித்தார். 1947-ல் தம் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் காந்திகிராமத்தை நிறுவினார். 1962-ல் திண்டுக்கல் தொகுதியினின்று லோக்சபைக்குச் சென்று, மத்திய சர்க்காரில் கல்வித்துறை உதவி மந்திரியாகவும் விளங்கினார். வைத்தியமும் குடிமைத் தொண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? நம் ஊரிலும் 1955-ல் தோன்றிய கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரியும், அதனை நிறுவிய டாக்டர் ஏ.கே. தாரியனும் நினைக்கத் தக்கவர்களே. அங்கே வந்த நோயாளியின் குலத்தை வினவியா மருந்து கொடுத்தார்கள்?

இனி நாம் செய்யற்பாலன சில.

முதலாவது, வாக்குரிமை. 1989 முதல் பதினெட்டு வயது நிரம்பியவர் யாவரும் வாக்களிக்கலாம். ஜாபிதாவில் பெயர் சேர்ப்பதற்கு முன்னர் ஜனவரி முதல் தேதி ஒன்றே கணக்காயிருந்தது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் கணக்கில் வரும். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வீட்டு முகவரியிலேனும் விடுதி முகவரியிலேனும் பதிவு செய்துகொள்ளலாம், இரண்டிடத்தில் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தாதியர் போதாமையும், சாக்கடை தூராதிருப்பதும் நம் வாக்கினால் தீர வேண்டியவை. வாக்களியாதவன் குறை கூறுதல், விதை விதையாதவன் விளைச்சல் கேட்பது போலாம்.

இரண்டாவது, கொசு. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் செல்லும். ஆதலால் வாரம் ஒருமுறை தொட்டியைத் துலக்கி, உடைந்த பானை, தேங்காய் ஓடு, பழைய டயர் இவற்றின் நீரைக் கவிழ்த்தால் அதன் வம்சமே அறும். நம் ஊர்க் காய்கறிச் சந்தைக்கு நாற்புறத்து வண்டிகளும் வருகின்றன. கேரள தேசத்துக்கும் சரக்குப் போகின்றது. இங்கே அசுத்தம் சேரின் அதன் தீங்கு நம்மோடு நில்லாது.

மூன்றாவது, இரத்த தானம். அக்டோபர் முதல் தேதி நம் தேசத்தில் இதற்குரிய நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ள, நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத திடகாத்திரர், ஆண்களாயின் மூன்று மாதத்திற்கொருமுறையும் பெண்களாயின் நான்கு மாதத்திற்கொருமுறையும் கொடுக்கலாம். சிவப்பணுக்களைச் சில வாரங்களே சேமித்து வைக்கலாம். தட்டணுக்களோ ஐந்து நாள் அளவே நிற்கும். ஆகையால் ஒருமுறை கொடுத்து ஓய்ந்துவிடுதல் போதாது.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காது சொல்ல வேண்டும். நம் சங்கத்து இளைஞரின் பெயரும் இரத்த வகையும் எழுதி ஒரு புஸ்தகம் வைப்போம் என்றால், அது நம் குலத்தார்க்கு மட்டும் பயன்படுக என்பாரும் நம்மில் உண்டு. அவர்மீது எனக்குக் கோபமில்லை. தம்மவரைக் காக்கும் பற்றே அங்ஙனம் பேசுவிக்கிறது. ஆயினும் யோசியுங்கள். வியன்னா நகரத்து லாண்ட்ஸ்டைனர் என்பார் 1901-ல் மனித இரத்தத்தில் வகைகள் உண்டென்று வெளியிட்டார். அவ்வகைகள் எக்குலத்தின் எல்லைக்குள்ளும் அடங்குவன அல்ல. உடன்பிறந்த தமையனின் இரத்தம் தம்பிக்கு ஒவ்வாது போகலாம். முன்பின் அறியாதவன் இரத்தம் அவனைப் பிழைப்பிக்கலாம். நள்ளிரவில் பிரசவ வேதனையில் உதிரம் இழக்கும் நம் பெண்ணுக்கு இரத்தம் வேண்டின், கொடுப்பவன் யார் மகன் என்றா கேட்போம்? கேளோமெனின், கொடுக்கும்போதும் கேளாதிருப்பதே நியாயம். ஆகவே அப்புஸ்தகம் ஆஸ்பத்திரியின் பொறுப்பில் எல்லார்க்கும் பயன்படுவதாகுக என்பது என் விண்ணப்பம்.

கடைசியாக, மகிமைப் பணம். மூட்டைக்கு இவ்வளவென்று சேர்த்துக் கோயிலும் சத்திரமும் கண்டவர் நம் பக்கத்து வியாபாரிகள். அப்பணத்தில் ஒரு பங்கு செவிலியர் கல்விக்கும் மருந்தாக்கல் கல்விக்கும் செல்லும் ஏழைப் பெண்களுக்கு ஆகுக. டாக்டராகும் பையனுக்கு மட்டும் மாலையிட்டு, இரவெல்லாம் கண்விழித்து நோயாளியைப் பேணும் பெண்ணை மறத்தல் நன்றியன்று.

சங்கம் என்பது வேலியன்று, வரப்பு. வரப்பு நீரைத் தேக்கி நம் வயலை நனைக்கும். மிகுந்ததை மடை வழியே அடுத்த வயலுக்கும் விடும். மடையை அடைத்தால் நம் பயிரே அழுகும். இம்மழைக்காலத்தில் நம் மடையைத் திறந்து வைப்போமாக.