கட்டுண்ட காலும் கொல்லாமை அறமும்



முறிந்த காலின் கட்டைப் பல வாரங்கள் கழித்துப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கும். கெண்டைச் சதையோ சூம்பியிருக்கும். இயங்காத தசையில் புதிய புரதம் உருவாவது குறைகிறது; உள்ள புரதமும் சிதைகிறது. இச்சிதைவின் வழியைப் பெரிதும் எலிகளைக் கொண்டே அறிந்தனர். எலியின் பின்னங்காலை அசையாமற் கட்டியும், நரம்பைத் துண்டித்தும், கால் தரையில் ஊன்றாதவாறு தூக்கி நிறுத்தியும் ஆய்ந்தனர். 2001இல் வெளிவந்த அத்தகைய ஆய்வொன்று, தசை மெலியும்போது மிகுந்து செயற்படும் இரண்டு மரபணுக்களை இனங்காட்டியது.

இடுப்பெலும்பு முறிந்த முதியவரை அறுவை முடிந்தபின் விரைவில் எழுந்து நடக்கச் செய்யுமாறு மருத்துவர் வற்புறுத்துவதற்குத் தசையிழப்பும் ஒரு காரணம். தசையைப் பற்றிய அறிவின் பயன் சமணர் இல்லங்களுக்கும் வந்து சேர்கிறது. ஆகவே அதன் விலையையும் எண்ணிப் பார்த்தல் கடன்.

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், அகிம்சை அணுவிரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகிறது. அவை கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன. உயிர் போகாவிடினும் விரதம் பழுதுறும் என்பது இதன் கருத்து. ஆய்வுக்கூட எலிக்குக் கட்டும் அறுப்பும் நேர்கின்றன. நோக்கம் நன்றாயினும் அதன் வலி குறைவதில்லை. ஆயினும் நோயுற்றவரை மருந்தின்றிக் கைவிடுதலும் அருளாகாது.

இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டு. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், இயலுமிடத்தெல்லாம் விலங்காய்வைத் தவிர்க்க வேண்டும் என்கிறது.

மாற்று வெறுங்கனவன்று. நெதர்லாந்தில் நலமிக்க இளைஞர்கள் தாமே இசைந்து ஒரு காலில் கட்டுப் போட்டுக்கொண்டனர். தொடைத்தசையின் பரப்பு 5 நாளில் ஏறத்தாழ 3.5 விழுக்காடும், 14 நாளில் 8.4 விழுக்காடும் குறைந்ததை 2014இல் வெளியிட்டனர். கட்டு அவிழ்ந்ததும் அவர்கள் வீடு திரும்பினர். மனிதன் இசையவும் மறுக்கவும் வல்லவன். எலிக்கு அவ்வுரிமை இல்லை.

மருத்துவமும் மருந்தியலும் பயிலும் இளைஞர்கள் நம் குடும்பங்கள்தோறும் பெருகி வருகின்றனர். கூண்டைத் திறக்குமுன் அவர்கள் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இவ்வுண்மையை வாய்பேசா உயிரை வருத்தாமல் அறிய இயலாதா? இயலும் எனில், அவ்வழியே செல்லுதல் விரதம் காக்கும் நெறி.

அறம் வளர்க!