மலைக் கோபுரமும் எர்த் கம்பியும்



தோட்டத்துக் குன்றின் மேல் ஓர் இரும்புக் கோபுரம் நிற்பதை நம்மில் பலர் நாள்தோறும் பார்க்கிறோம். அதன் இடுப்பில் பெரிய மேளத்தைக் கட்டித் தொங்கவிட்டது போல வெள்ளை வட்டங்கள் இருக்கின்றன. அடியில் ஒரு சிறிய அறையும் சுற்றிலும் கம்பி வேலியும் உண்டு. அங்கே என்னதான் நடக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், மரம் வெட்டப் போனவரைப் பாம்பு தீண்டினால், நாம் கைத்தொலைபேசியை எடுத்து 999-ஐ அழைக்கிறோம். அந்த அழைப்பு பட்டணத்தைச் சென்றடைவது பல இடங்களில் அந்த மேள வட்டங்களின் வழியாகத்தான். அந்த வட்டங்களைக் காப்பது எது? மண்ணுக்குள் மறைந்திருக்கும் செம்புக் கம்பி. இவ்விரண்டையும் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் அந்த வட்டங்கள். அவற்றின் வழியே செல்வது நுண்ணலை, அதாவது மைக்ரோவேவ் எனப்படும் வானொலி அலை. மத்திய அலை வானொலியில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். கோபுரத்திலிருந்து புறப்படும் நுண்ணலையோ, விநாடிக்கு 700 கோடி முறை துடிப்பதானால், 4 சென்டிமீட்டர் நீளந்தான் இருக்கும். இத்தகைய சிற்றலையை வளைந்த தட்டு ஒன்றின் முன் வைத்தால், கைவிளக்கின் ஒளியைப் போல ஒரே திசையில் குவித்து அனுப்பலாம். இதற்குப் பெரும் சக்தி தேவையில்லை. ஒரு கைவிளக்குப் பல்பு எரியும் அளவு சக்தியே 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடுத்த கோபுரத்தை எட்டிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கோபுரத்துக்கு அடுத்த கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவேதான் இவற்றை மலை உச்சிகளில் அமைக்கிறார்கள். கெடாவில் குனோங் ஜெராய், ஜொகூரில் குனோங் லேடாங் ஆகிய இரண்டும் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. இரண்டின் மீதும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் உள்ளன. இப்படி மலைக்கு மலை தாவும் முறை பழையது. 1951-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நியூயார்க் நகரையும் சான் பிரான்சிஸ்கோ நகரையும் 107 கோபுரங்களால் இணைத்தார்கள். இன்று நாட்டின் பெரும் பாதைகளில் கண்ணாடி இழைக் கம்பிகள் வந்துவிட்டன. என்றாலும் காடும் மேடுமாகக் கிடந்து பள்ளம் தோண்டக் கடினமான இடங்களில் நுண்ணலை இணைப்பே இன்னும் கைகொடுக்கிறது.

டிஜிட்டல் என்கிறார்களே, அது என்ன? நம் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கங்களாக எழுதுவது தொலைபேசியின் அடிப்படை முறை. அந்த இலக்கங்கள் இரண்டே வகை: ஒன்று, அல்லது பூச்சியம். பிரட்டுக் களத்தில் ஒருவர் காதில் சொன்ன சேதி பத்து வாய் மாறினால் என்ன ஆகும்? ஆடு மாடாகிவிடும். பழைய முறையிலும் அப்படித்தான். ஒவ்வொரு கோபுரத்திலும் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். இலக்கமுறையில் ஒவ்வொரு கோபுரமும் வந்தது ஒன்றா, பூச்சியமா என்பதை மட்டும் கண்டறிந்து, புதிதாக எழுதி அனுப்புகிறது. எனவே பத்தாவது மலையிலும் குரல் முதல் மலையில் இருந்தது போலவே இருக்கும்.

இதை அமைப்பவர்கள் முதலில் செய்வது பாதையை அளப்பது. இரு கோபுரங்களுக்கு நடுவே ஒரு நேர்கோடு திறந்திருந்தால் மட்டும் போதாது. 30 கிலோமீட்டர் பாதையில், நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 18 மீட்டர் வரை அலை விரிந்து செல்கிறது. அதன் பெரும்பகுதியாவது தடையின்றி இருக்க வேண்டும். இன்று கன்றாக நிற்கும் ரப்பர் மரம் நாளை 20 மீட்டர் வளருமல்லவா? அதையும் கணக்கில் சேர்த்துத்தான் கோபுரத்தின் உயரத்தை முடிவு செய்கிறார்கள்.

அடுத்து, தட்டை மேலே ஏற்றிக் குறி பார்ப்பது. ஒரு பாகை தவறினால் 30 கிலோமீட்டருக்கு அப்பால் அரைக் கிலோமீட்டர் விலகிவிடும். ஆகவே இரு மலைகளிலும் ஆட்கள் ஏறி நின்று, அளவுமானியைப் பார்த்துக்கொண்டே திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். முள் ஏறியவுடனே முடுக்கிவிடக் கூடாது. தட்டிலிருந்து நடுக்கதிரைத் தவிரப் பக்கங்களிலும் பலவீனமான கதிர்கள் கிளம்பும். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தியவர்கள், முதல் பெருமழையிலேயே மறுபடியும் ஏற நேரிடும்.

இனி மண்ணுக்குள் வருவோம். நம் நாடு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டின் பாதி நாளாவது இடி கேட்கிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் நேரத்தில் இது அதிகம். மலை மேல் தனியாக நிற்கும் இரும்புக் கோபுரத்தை மின்னல் விடுமா? எத்தனை முறை விழுந்தாலும் தாங்கும்படி அதை அமைப்பதே அறிவுடைமை.

ஒரு மின்விசிறி சுழல அரை ஆம்பியர் மின்சாரம்கூட வேண்டாம். சாதாரண மின்னல் ஒன்றில் ஓடுவது 30,000 ஆம்பியர். பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். மின்னோட்டத்தை மண்ணின் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். எர்த் கம்பியின் தடை 10 ஓம் என்றால், 30,000-ஐ 10-ஆல் பெருக்க 300,000 வோல்ட். மிகவும் பாடுபட்டுத் தடையை 1 ஓமுக்குக் குறைத்தாலும் 30,000 வோல்ட் மிஞ்சுகிறது. நம் வீட்டிலோ 230 வோல்ட்! ஆகவே எர்த் கம்பி போட்டதும் மின்னல் சாதுவாக மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மின்னல் விழும் அந்தக் கண நேரத்தில் கோபுரம், அறை, வேலி எல்லாமே பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்ந்துவிடுகின்றன.

அப்படியானால் கருவிகள் எப்படிப் பிழைக்கின்றன? ஆற்றில் வெள்ளம் வரும்போது துறையில் நிற்கும் படகுகளைப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக மிதந்து உயர்ந்தால் எதற்கும் சேதமில்லை. ஒன்றை மட்டும் குட்டைக் கயிற்றால் தரையோடு கட்டிவைத்தால் அதுதான் மூழ்கும். மின்கம்பியில் உட்காரும் காகமும் இதனால்தான் பிழைக்கிறது. அதன் இரு கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. அழிவைச் செய்வது இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடுதான்.

எனவே எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் பிணைக்கிறார்கள். உச்சியில் இடிதாங்கி. அதிலிருந்து கோபுரத்தின் கால்களுக்கும், அங்கிருந்து தரையைச் சுற்றிப் புதைத்த செம்பு வளையத்துக்கும் இணைப்பு. தட்டிலிருந்து இறங்கும் கேபிளின் வெளியுறையை மேலே ஓரிடத்திலும், கோபுரத்தை விட்டு அறைப்பக்கம் திரும்புமுன் ஓரிடத்திலும், அறைக்குள் நுழையும் வாசலிலும் இணைப்பார்கள். அறையைச் சுற்றி இன்னொரு வளையம். கருவிப் பெட்டி, மின்கலங்கள், ஜெனரேட்டர், எண்ணெய்த் தொட்டி, கம்பி வேலி, மின்சார வாரியத்தின் எர்த் எல்லாம் அதோடு சேரும். வானொலிக் கருவிக்குச் சுத்தமாகத் தனி எர்த் வேண்டுமென்று யாரேனும் வேறொரு தண்டை அடித்து, அதைப் பொது வளையத்தோடு சேர்க்காமல் விட்டால், அதுவே அந்தக் குட்டைக் கயிறு கட்டிய படகாகிவிடும்.

கம்பியை வளைப்பதிலும் நுட்பம் உண்டு. மின்னல் மிகுந்த அவசரக்காரன். பட்டையை முழங்கை போல மடித்தால், திருப்பத்தில் திரும்பாமல் பக்கத்திலுள்ள இரும்புக்குத் தாவிவிடும். ஆகவே வளைவு பெரிதாகவும் மெதுவாகவும் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும்.

மண்ணில் அடிக்கும் தண்டுகளுக்கும் இடைவெளி தேவை. செம்பனைக் கன்றுகளை 9 மீட்டர் இடைவெளியில் நடுவது ஏன்? நெருங்கி நின்றால் ஒன்றின் உணவை மற்றொன்று பறிக்கும். அதுபோல, 3 மீட்டர் நீளத் தண்டுகளை 6 மீட்டர் இடைவெளியில் அடித்தால்தான் ஒவ்வொன்றும் தன் பங்கு மண்ணை முழுதாகப் பயன்படுத்தும். மலை உச்சியின் சரளையும் பாறையும் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. அங்கே செம்புப் பட்டைகளை மரத்தின் வேர்களைப் போல நாலாபக்கமும் நீளமாகப் புதைத்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டனைட் என்னும் களிமண்ணால் மூடுவார்கள். தடையை வெயில் காலத்தில் அளந்து பார்ப்பதே நல்லது. மழைக்காலத்து ஈர மண் குறையை மறைத்துவிடும்.

நேயர்களே, இப்போது நாம் மனம் விட்டுப் பேச வேண்டிய ஒரு செய்தி. செம்புக்குப் பழைய சாமான் கடையில் நல்ல விலை உண்டு. கோபுரத்தடியில் தெரியும் பட்டையை வெட்டி விற்றால் சில நாள் செலவுக்கு ஆகும் என்ற எண்ணம் யாருக்காவது வரக்கூடும். வெட்டிய அன்று ஒன்றும் நடக்காது. மறுநாளும் தொலைபேசி பேசும். அதுதான் இதிலுள்ள ஏமாற்று! அடுத்த பெருமழையில் மின்னல் வழக்கமான வழியைக் காணாமல் கேபிளைப் பற்றிக்கொண்டு அறைக்குள் புகும். கருவிகள் கருகும். அன்றிரவே நம் லயத்தில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், கையில் தொலைபேசி இருந்தும் உதவிக்கு அழைக்க வழி இருக்காது. வெட்டும் நேரத்தில் தொலைவில் எங்கோ முகில் இருந்தால், வெட்டுகிறவரின் உயிருக்கும் உத்தரவாதமில்லை. ஆகவே பட்டை அறுந்து கிடப்பதைக் கண்டால் கையால் தொடாதீர்கள். தோட்ட அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். வேலியருகே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

மழைக்கு ஒதுங்கக் கோபுரத்தடிக்கோ தனி மரத்தடிக்கோ போகாதீர்கள். மின்னல் மண்ணில் இறங்கியதும் மையத்திலிருந்து விலக விலக மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். மரத்தடியில் நிற்கும் மாட்டின் முன்கால் ஓர் அழுத்தத்திலும் பின்கால் வேறோர் அழுத்தத்திலும் நிற்கின்றன. அந்த வேறுபாடு உடலின் வழியே பாய்கிறது. மின்னல் தன் மேல் விழாமலேயே மாடு சாவது இதனால்தான். அகன்ற காலுடன் நிற்கும் மனிதருக்கும் இதே கதி நேரலாம்.

குலை வெட்டும் தோழர்களே, உங்கள் கையிலுள்ள அலுமினியக் கம்பு கோபுரத்தின் தம்பி. மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். கம்பைக் கீழே போட்டுவிட்டு, சுவருள்ள கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுங்கள். மண்டோர் அழைத்தாலும் இந்தக் காரணத்தைப் பணிவாகச் சொல்லுங்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, அஞ்சாமல் தொடலாம். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே 999-ஐ அழையுங்கள்.

வீட்டிலும் இதே பாடந்தான். மீட்டர் பெட்டியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் எர்த் கம்பியைத் துணி காயப்போடுவதற்காகவோ, இடைஞ்சல் என்றோ கழற்றிவிடாதீர்கள். மேகம் கருத்ததுமே, இடி தொடங்குமுன், தொலைக்காட்சியின் பிளக்கையும் ஏரியல் கம்பியையும் உருவிவிடுங்கள். இடி இடிக்கும்போது குளிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

கோபுரத்தை உயர்த்திக் கட்டுவது பொறியாளர்களின் வேலை. அதன் அடியிலுள்ள கம்பியைக் காப்பது, அருகில் குடியிருக்கும் நம் அனைவரின் வேலை. இன்று மாலை பிள்ளைகளை அழைத்து, இந்த 30,000 ஆம்பியர் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களே உங்களுக்கு மீதியை விளக்குவார்கள்.